பெட்ரோல் போட்டதும் முரண்டு பிடிக்கும் கார்

காரைக்குடியில் என் பட்டறைக்கு எஞ்சின் விளக்கு எரிய வரும் காரில் ஸ்கேனர் 'பி0455' (பெட்ரோல் ஆவி பெரிதாகக் கசிகிறது என்ற குறியீடு) என்று காட்டினால், முதலில் பெட்ரோல் மூடியைத்தான் கழற்றுவேன். ரப்பர் வளையத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். கானாடுகாத்தானில் பூட்டிய வீட்டு வாசலில் நின்று, கல்யாணத்துக்கு மட்டும் கிளம்பும் கார்களில் அது வெடித்திருக்கும்.

மூடி நன்றாக இருந்தும், பெட்ரோல் நிரப்பிய கையோடு ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா? பர்ஜ் வால்வைச் சந்தேகியுங்கள். டாங்கின் பெட்ரோல் ஆவியைக் கரிப்பெட்டி பிடித்துவைக்கும்; அதை எஞ்சினுக்குத் திறந்துவிடுவது இந்த வால்வு. எஞ்சினை ஓடவிட்டு, வால்வின் மின் இணைப்பைக் கழற்றுங்கள். பிறகு கரிப்பெட்டியிலிருந்து வரும் குழாயை வால்விலிருந்து உருவி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். வால்வு விரலை உறிஞ்சி இழுத்தால் அது மூடவில்லை, மாற்றத்தான் வேண்டும். உள்ளே கரித்துகள் தெரிந்தால் கரிப்பெட்டியும் போய்விட்டது.

மூடியும் வால்வும் சரியென்றால், புகை செலுத்திக் குழாய்களில் எங்கே கசிகிறது என்று பாருங்கள். பங்க்கில் குழாய் தானாக நின்ற பிறகும், "ஆயிரமாகவே போட்டுவிடுங்கள்" என்று ததும்ப நிரப்புகிறவர்கள்தான் கரிப்பெட்டியைப் பெட்ரோலில் ஊறவைக்கிறார்கள்.