தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது

எங்கள் மார்வாரி இனப் பெண் குதிரை பளபளவென்று கொழுத்திருந்ததை எல்லோரும் நல்ல வளர்ப்பு என்றே பாராட்டியதால், அது மிகை எடை என்று எனக்கும் வெகுநாள் உறைக்கவில்லை. ஒருநாள் உடம்பு தேய்த்துவிடும்போது விலா எலும்பு கைக்கு அகப்படவே இல்லை. பிடரிமயிருக்கு அடியில் கழுத்தின் மேல்விளிம்பு கட்டையாக இறுகியிருந்தது. நெஞ்சுச் சுற்றளவு 180 செ.மீ., தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளம் 155 செ.மீ.; சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 11,880 ஆல் வகுத்தால் உடல் எடை ஏறத்தாழ 423 கிலோ. தவிடும் வெல்லமும் நின்றன (வெல்லம் ஊட்டியவர் என் தந்தையார்; குதிரையைவிட அவரைத் தடுப்பதுதான் கடினமாக இருந்தது). பட்டினி போட்டால் இரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்ததால், உடல் எடையில் 1.5 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 6.3 கிலோ உலர்புல்லை எடைபோட்டு, அதிலுள்ள சர்க்கரை கரைந்து வெளியேறும்படி நீரில் ஊறவைத்து, நான்கு வேளையாகக் கொடுத்தேன். கொழுத்த குதிரைகளுக்கு வரக்கூடிய குளம்பு அழற்சியின் அறிகுறியான சூடு குளம்பில் இல்லை என்று உறுதியானபின் தினமும் நடை. மூன்றாம் மாதம் விலா எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட்டன.