ஹாலோவீன் இரவுக்குப் படமும் பாட்டும் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

"அதில் ரத்தம் அதிகம் இருக்காது, தைரியமாகப் போடுங்கள்" என்று சில வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டு நண்பரிடம் சொன்னேன். ஜான் கார்பென்டர் 1978இல் எடுத்த 'ஹாலோவீன்' படத்தைப் பற்றிச் சொன்னது. பொய் இல்லை, அதில் ரத்தம் உண்மையிலேயே குறைவுதான். நண்பர் அதை நம்பி, பத்து வயது மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்துவிட்டார். அடுத்த ஒரு வாரம் அந்தப் பையன் தனியாக மாடிப்படி ஏறவில்லை.

ரத்தம் குறைவு என்றால் பயமும் குறைவு என்று நினைக்க வைத்துவிட்டேன். அமெரிக்காவில் அந்தப் படத்துக்கு 'ஆர்' சான்றிதழ், அதாவது பதினேழு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக் கூடாது. அதையாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் படம் பயமுறுத்தும் விதமே வேறு. கொலைகாரன் ஓடி வருவதில்லை. பட்டப்பகலில், சாதாரண வீடுகள் இருக்கிற தெருவில், ஒரு புதர் வேலிக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிறான். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். முகத்தில் வெள்ளை முகமூடி. கடையில் விற்ற 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கிர்க் முகமூடியை வாங்கி, புருவத்தைப் பிய்த்து, கண் துளையைப் பெரிதாக்கி, வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். மொத்தப் படமே சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்தது. அந்த முகத்தில் கோபமும் தெரியாது, சிரிப்பும் தெரியாது. குழந்தைக்கு அதுதான் தாங்காது.

அப்புறம் அந்த இசை. கார்பென்டரே அமைத்தது. 'தகிட தகிட தக தக' என்று வேகமாக வாயால் சொல்லிப் பாருங்கள், அந்தப் பியானோவின் ஓட்டம் அப்படியே வரும். ஐந்தின் கணக்கு அது. நாலு நாலாக எண்ணிப் பழகிய காது, முடிந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில் முடியாமல் தடுமாறும். ஐந்தின் தாளத்தைச் சிறுவயதில் தன் அப்பா பாங்கோ மேளத்தில் சொல்லிக்கொடுத்ததாகக் கார்பென்டர் சொல்லியிருக்கிறார். இசையைத் தனியாகக் கேட்கக் கொடுத்தாலும், தூங்கப் போகும் நேரத்தில் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

சரி, குழந்தைகளுக்கு என்ன போடலாம்? என் பதில் ஒன்றுதான்: 1966 அக்டோபர் 27 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் முதலில் வந்த 'இட்ஸ் தி கிரேட் பம்ப்கின், சார்லி பிரவுன்'. அரை மணிக்கும் குறைவு. லைனஸ் என்கிற சிறுவன் பூசணித் தோட்டத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, மாபெரும் பூசணி வரும் என்று காத்திருப்பான். மற்ற பிள்ளைகள் ஹாலோவீன் வழக்கப்படி வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்க, சார்லி பிரவுனின் பையில் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் கல் விழும்.

இதைப் போடும்போது பெற்றோர் செய்கிற தவறு, ரிமோட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போவது. இன்றைய கார்ட்டூன் வேகத்துக்குப் பழகிய பிள்ளைக்கு இது மெதுவாகத்தான் தெரியும். நடுவில் சார்லி பிரவுனின் நாய் ஸ்னூபி விமானி வேடத்தில் தனியாக வயல்வெளியில் நடந்துபோகும் நீளமான பகுதி ஒன்று வரும். பேச்சே இல்லை. வின்ஸ் குவரால்டியின் இசையும், நீலமும் ஊதாவுமாகக் கலங்கிய வானமும்தான். பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து ரசித்தால் பிள்ளையும் அதில் ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் எழுந்து போய்விடும். இன்னொன்று, மிட்டாய் வாங்கப் போவதற்கு முன்னால் போடாதீர்கள். உடை மாட்டிக்கொண்டு வாசலில் குதிக்கிற பிள்ளை டிவி பார்க்காது. திரும்பி வந்து, பையைத் தரையில் கொட்டி, மிட்டாயைப் பிரித்து அடுக்குகிற நேரம் இருக்கிறதே, சார்லி பிரவுனின் கல் அப்போதுதான் சரியாகப் புரியும்.

பெரியவர்களுக்குப் படம் சொல்லும்போது நடக்கிற பெரிய தவறு வேறு. படத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, எந்தப் பிரதி என்பதைச் சொல்லாமல் விடுவோம்.

ஜெர்மன் இயக்குநர் மூர்னாவ் 1922இல் எடுத்த மௌனப் படம் 'நாஸ்ஃபெராட்டு'. டிராகுலா நாவலின் உரிமை வாங்காமல் எடுத்ததால் அதை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. தப்பிய பிரதிகளில் இருந்துதான் இன்று பார்க்கிறோம். நான் முதலில் பார்த்தது வெறும் கறுப்பு வெள்ளையில், மங்கலாகப் போன ஒரு பிரதி. அதில் ஓர்லோக் பிரபு தன் சவப்பெட்டியைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கிறான். சுவரில் பளீரென்று வெயில் அடிக்கிறது. வெயில் ஆகாத ரத்தக்காட்டேரி வெயிலில் ஏன் நடக்கிறான் என்று எனக்குப் புரியவே இல்லை. இந்தப் படத்தை ஏன் கொண்டாடுகிறார்கள் என்ற சந்தேகமே வந்துவிட்டது.

காரணம் ரொம்ப எளிது. அன்றைக்கு ராத்திரியில் படம் பிடிப்பது கஷ்டம். பகலில் எடுத்துவிட்டு, பிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றுவார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் பகல் அல்லது விளக்கு வெளிச்சம். அன்றைய பார்வையாளருக்கு அது பழக்கமான பாஷை. சாயம் போன பிரதியில் அந்த இரவே காணாமல் போய்விட்டது. ஜெர்மனியின் மூர்னாவ் அறக்கட்டளை சாயத்தோடு மீட்டெடுத்த பிரதியைப் பார்த்தபோது, அதே தெரு, அதே சுவர், ஆனால் நடுநிசி. உடம்பு சிலிர்த்தது. அதனால் யாருக்காவது இதைச் சொன்னால், சாயம் ஏற்றிய பிரதி என்று சேர்த்தே சொல்லுங்கள். இசையையும் கவனியுங்கள். இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகளில் கைக்குக் கிடைத்த இசையை ஒட்டியிருப்பார்கள். ஹான்ஸ் எர்ட்மன் இந்தப் படத்துக்கென்று எழுதிய இசையை மறுபடி கட்டி அமைத்துச் சேர்த்த பிரதி இருக்கிறது.

ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்கும் (1968) இதே கதி. கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பு விட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் யாருக்கும் சொந்தமில்லாமல் ஆகிவிட்டது. ஆளாளுக்குப் பிரதி எடுத்து விற்றார்கள், முகமே தெரியாத பிரதிகள்கூட உண்டு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் தி ஃபிலிம் ஃபவுண்டேஷனும் மீட்டெடுத்த பிரதியைத் தேடிப் பாருங்கள். தயவுசெய்து கடைசிக் காட்சியை யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். டுவேன் ஜோன்ஸ் நடித்த பென் என்கிற பாத்திரத்தோடு ஒன்றரை மணி நேரம் கூடவே இருந்தவருக்குத்தான் அந்த முடிவின் கனம் தெரியும்.

'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' படத்தை இயக்கியது டிம் பர்ட்டன் என்று சொல்பவர்கள் ஏராளம். கதையும் தயாரிப்பும்தான் அவர். பொம்மைகளை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திய அந்தக் கூட்டத்தை நடத்திய இயக்குநர் ஹென்றி செலிக். அவர் பெயரைச் சொல்லுங்கள்.

1992 அக்டோபர் 31 அன்று பிபிசி ஒரே ஒரு முறை ஒளிபரப்பிய 'கோஸ்ட்வாட்ச்' பற்றிச் சொல்லும்போது தவறு இன்னும் சுலபமாக நடக்கும். முன்பே பதிவுசெய்த நாடகம் அது. ஆனால் மைக்கேல் பார்க்கின்சன் போன்ற நிஜத் தொகுப்பாளர்களை வைத்து நேரலை மாதிரியே எடுத்தார்கள். திரையில் தொலைபேசி எண்ணும் வந்தது. அழைத்தவர்களுக்கு இது கற்பனை என்று சொல்ல ஏற்பாடு இருந்தும், பலருக்கு லைனே கிடைக்கவில்லை. பிபிசி அதை மறுபடி ஒளிபரப்பவே இல்லை. பைப்ஸ் என்கிற பேய் எந்தெந்த இடத்தில் ஒரு கணம் தெரிகிறது என்று பட்டியல் போட்டு அனுப்புகிறார்கள். அனுப்பாதீர்கள். திரைச்சீலையின் மடிப்பில் ஏதோ தெரிந்ததா இல்லையா என்று சந்தேகப்படுவதுதான் அதன் சுகம். நாடகம் என்பதை மட்டும் பயந்த சுபாவம் உள்ளவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சியின் குரோவர்ஸ் மில் என்ற சிற்றூரில் செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் இறங்கியதாக ஆர்சன் வெல்ஸ் 1938 அக்டோபர் 30 அன்று வானொலியில் நாடகம் போட்டார். அமெரிக்காவே தெருவுக்கு ஓடியது என்ற கதையை நானும் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். சிலர் பயந்தது உண்மைதான், அதைப் பெரிதாக ஊதியது மறுநாள் பத்திரிகைகள். நாடகத்தின் முதல் பாதி இன்றும் நன்றாகவே பயமுறுத்துகிறது, அந்தக் கதையின் உதவி அதற்குத் தேவையில்லை.

பாட்டு என்றால் எல்லாருக்கும் 'மான்ஸ்டர் மேஷ்', 'த்ரில்லர்' இரண்டும் தெரியும். போடுங்கள், ஆடுங்கள். விருந்தாளிகள் கிளம்பிய பிறகு நாலைந்து பேர் மட்டும் இருக்கும்போது, பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸ் 1874இல் எழுதிய 'டான்ஸ் மகாப்ர' போடுங்கள், நள்ளிரவில் எலும்புக்கூடுகள் ஆடுகிற ஆட்டம் அது. ஏழு நிமிடம்தான். தொடக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். யாழ் (ஹார்ப்) ஒரே ஸ்வரத்தைப் பன்னிரண்டு முறை மெல்லத் தட்டுகிறது, மணி பன்னிரண்டு. அதன் பிறகு தனி வயலின் நுழையும். அதன் உச்ச ஸ்தாயித் தந்தியை வேண்டுமென்றே அரை ஸ்வரம் இறக்கிச் சுருதி சேர்த்திருப்பார்கள், அதனால்தான் அந்த முதல் இழுப்பு பல் கூசுகிற மாதிரி இருக்கும். எலும்புகள் மோதுவது சைலஃபோன். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது ஓபோ ஒரு சேவலைப் போலக் கூவும், எல்லாம் அடங்கும். ஆனால் முடியவில்லை. வயலின் இன்னும் கொஞ்சம் பேசும், கடைசியில் மிக மெதுவாக இரண்டு தட்டு. அதுவரை மிட்டாய்த் தாளைக் கசக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.