கத்தோலிக்கப் பள்ளியில் ஆங்கிலம்: பிள்ளைகள் மதிப்பெண்ணைத் தவறவிடும் இடங்கள்

இங்கிலாந்தில் பிள்ளையைக் கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியில் சேர்த்த பெற்றோர் சிலர், அங்கே ஆங்கிலப் பாடமும் வேறு மாதிரி நடக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. மறைக்கல்வி என்னும் சமயப் பாடத்துக்குத்தான் கத்தோலிக்க ஆயர் பேரவையின் விதிகள் உண்டு. 16 வயது வரை பாட நேரத்தில் 10 சதவீதம் அதற்குப் போகவேண்டும். ஆங்கிலத்தில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளை 16 வயதில் எழுதும் அதே ஜி.சி.எஸ்.இ. பொதுத் தேர்வைத்தான் இவர்களும் எழுதுகிறார்கள். விடைத்தாளைத் திருத்துபவருக்கு அது எந்தப் பள்ளியிலிருந்து வந்தது என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளிடம் அடிக்கடி வரும் ஒரு தவறு பள்ளிச் சூழலிலிருந்தே வருகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்கலாம்.

மறைக்கல்வித் தேர்வில் 'திருச்சபை என்ன போதிக்கிறது, நீ என்ன நினைக்கிறாய்' என்ற வகைக் கேள்விகள் வரும். அங்கே விவிலிய வசனம் சொல்லி, சரி தவறு என்று வாதிட்டால் மதிப்பெண் உண்டு. அதே பழக்கத்தோடு இலக்கியத் தாளில் உட்காரும் பிள்ளை, ஆட்சிக்காக மன்னனைக் கொல்லும் ஷேக்ஸ்பியர் நாடக நாயகன் மேக்பெத்தைப் பற்றி இப்படி எழுதும்: கொலை செய்வது ஐந்தாம் கட்டளைக்கு எதிரானது, பேராசையால் அவன் பாவம் செய்தான், நாம் அப்படி இருக்கக்கூடாது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கேள்வி மேக்பெத்தின் ஆன்மாவைப் பற்றியது அல்ல. ஷேக்ஸ்பியர் அவனை எப்படிப் படைத்துக் காட்டுகிறார், எந்தச் சொற்களால், எந்த இடத்தில் வைத்து என்பதுதான் கேள்வி. கதாபாத்திரத்தை உண்மை மனிதனாக நினைத்துத் தீர்ப்புச் சொல்லும் கட்டுரை எவ்வளவு நீளமானாலும் மேல் தரத்துக்கு ஏறாது.

அதற்காக மறைக்கல்வியில் படித்ததையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மையில் இந்தப் பிள்ளைகள் கையில் மற்றவர்களிடம் இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. அதை எங்கே செலவழிப்பது என்றுதான் தெரிவதில்லை. மன்னனைக் கொன்றுவிட்டு வரும் மேக்பெத், தன்னால் 'ஆமென்' சொல்ல முடியவில்லை, அது தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று புலம்புகிறான். சில வரிகளுக்குள் அந்தச் சொல் நான்கு முறை வருகிறது. தினமும் காலைச் செபத்தில் யோசிக்காமலே 'ஆமென்' சொல்லும் பிள்ளைக்கு, அந்தச் சொல் வாயில் வர மறுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏன் அதே சொல் திரும்பத் திரும்ப வருகிறது, அருள் அவனுக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஏன் கிடைக்கவில்லை என்று எழுதினால் அது பிரசங்கம் ஆகாது, இலக்கிய விமர்சனம் ஆகிவிடும். அறிவு ஒன்றுதான்; நாடகத்தின் ஒரு வரியில் அதைக் கட்டிவைத்தால் மதிப்பெண், தனியே நிறுத்தினால் வெறும் உபதேசம்.

நாடகத்தின் வரலாற்றுப் பின்னணியிலும் இதே கதைதான். மன்னரையும் நாடாளுமன்றத்தையும் வெடிவைத்துத் தகர்க்க முயன்ற 1605 நவம்பர் 5 வெடிமருந்துச் சதியைத் தீட்டியவர்கள் கத்தோலிக்கர்கள். அது தொடர்பாக இயேசு சபைக் குரு ஹென்றி கார்னெட் 1606-இல் தூக்கிலிடப்பட்டார். சதி பற்றித் தனக்குத் தெரிந்தது பாவசங்கீர்த்தனத்தின் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதன்) வழியாக வந்தது, அதை வெளியே சொல்ல முடியாது என்பது அவர் வாதம். நேரடிப் பொய் சொல்லாமல் இருபொருள்படப் பேசித் தப்பிப்பதை அவர் நியாயப்படுத்தியதும் வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டது. மேக்பெத்தில் வரும் வாயில்காப்போன், அப்படி இருபொருள்படப் பேசிய ஒருவனால் சொர்க்கத்தை ஏமாற்ற முடியவில்லை என்று கேலி செய்கிறான். இது கார்னெட்டைச் சுட்டுகிறது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். கத்தோலிக்கப் பள்ளியில் இதைக் கேட்கும் பிள்ளைக்கு ஆர்வம் பொங்குவது இயல்புதான். அப்புறம் என்ன, சதியின் முழு வரலாறும் ஒரு பக்கத்துக்கு வந்துவிடும்! அது வேண்டாம். நாடகத்தில் மேக்பெத்துக்கு ஆரூடம் சொல்லும் சூனியக்காரிகளும் இருபொருள்படத்தானே பேசுகிறார்கள்? அந்த வரிகளை எடுத்துப் பேசும்போது, அன்றைய பார்வையாளர்களுக்கு இது எதை நினைவூட்டியிருக்கும் என்று ஒன்றிரண்டு வாக்கியம் போதும்.

இனி எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான தவறுகள். ஆங்கில மொழி, ஆங்கில இலக்கியம் இரண்டும் தனித்தனி ஜி.சி.எஸ்.இ. பாடங்கள், தனித்தனித் தரம். மொழிக்குப் படிக்க ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டு இலக்கிய மேற்கோள்களையே உருப்போடுவது வழக்கமாகிவிட்டது. ஏ.க்யூ.ஏ. தேர்வு வாரியத்தின் மொழித் தாள் ஒவ்வொன்றும் 80 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 40, கடைசியில் சொந்தமாகக் கதையோ கட்டுரையோ எழுதும் பகுதிக்கே போகிறது. முதல் கேள்விகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அதற்கு 20 நிமிடம் மிச்சம் வைப்பவர்கள் நிறைய. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முக்கால் மணி நேரமாவது அதற்கு வேண்டும்.

டியூஷனில் மனப்பாடம் செய்த கதையை அங்கே இறக்கிவைப்பது இன்னொரு வம்பு. கேள்வியோடு கொடுத்த படம் ஒரு புயலைக் காட்டும், கதை ஒரு திருமணத்தில் நடக்கும். திருத்துபவருக்கு இது உடனே தெரிந்துவிடும்.

பகுப்பாய்வுக் கேள்விகளில் 'இங்கே உவமை இருக்கிறது, இங்கே உருவகம் இருக்கிறது' என்று பட்டியல் போடுவதால் பெரிய பயன் இல்லை. அந்த உவமை வாசகருக்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்லவேண்டும். ஒரே ஒரு சொல்லை எடுத்து நான்கு வரி எழுதும் பிள்ளை, ஆறு உத்திகளின் பெயரை அடுக்கும் பிள்ளையை முந்திவிடும். இலக்கியத் தேர்வறைக்குள் புத்தகம் கொண்டுபோக முடியாது என்பதால் நீண்ட மேற்கோள்களை மனப்பாடம் செய்து தவிக்கிறார்கள். மூன்று நான்கு சொற்கள் கொண்ட மேற்கோளே போதும். பகுப்பாய்வுக்கும் அதுதான் வசதி.

பெற்றோர் பக்கத்துத் தவறு ஒன்று: எந்த வாரியம் என்று கேட்காமல் பழைய வினாத்தாள்களை அச்சடித்துக் கொடுப்பது. ஏ.க்யூ.ஏ., எடெக்செல், எடுகாஸ் ஆகியவற்றின் கேள்வி அமைப்பும் மதிப்பெண் பங்கீடும் வேறு வேறு. 2017-க்கு முந்திய தாள்கள் பழைய பாடத்திட்டத்தைச் சேர்ந்தவை. அந்தக் காலத்தில் படித்த அக்கா அண்ணன்மார் சொல்லும், வகுப்பில் எழுதிய கட்டுரைகளுக்கான மதிப்பெண்ணும் இப்போது கிடையாது. தரம் முழுக்க எழுத்துத் தேர்வில்தான். பேச்சுத் திறனுக்குத் தனிச் சான்று தருவார்கள், அது தரத்தில் சேராது.

நவம்பரில் மறுதேர்வு இருக்கிறதே என்று கோடைத் தேர்வை அலட்சியமாக எழுதுபவர்களும் உண்டு. நவம்பரில் நடப்பது ஆங்கில மொழிக்கும் கணிதத்துக்கும் மட்டும். இலக்கியத்தில் தவறினால் அடுத்த கோடைக்காலம் வரை காத்திருக்க வேண்டும்.