விலக்கல் கடிதத்தை மீளப்பெற வைத்த விதம்

பதிவுபெற்ற கட்டட ஒப்பந்தக்காரனான என்னை, கொழும்பு வெள்ளவத்தையில் நான் எழுப்பிய தூண்களின் கொங்கிரீட் வலுக் குறைந்தது என்று கூறி, ஓர் அரச நிறுவனம் தன் வேலைகளிலிருந்து ஓராண்டுக்கு விலக்கியது. விளக்கம் கேட்டு ஒரு வரிகூட அதற்கு முன் வரவில்லை.

கோபத்தில் நான் எழுதிய நான்கு பக்கக் கடிதம் வீண். பயன்பட்டது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோப்பின் பிரதியைக் கேட்டதுதான். எனக்குக் காட்டப்படாத பரிசோதனை அறிக்கை அதில் இருந்தது. கொங்கிரீட்டின் மாதிரியாக வார்த்த கனக்குற்றிகளை ஏழாம் நாளில் நசுக்கிப் பெற்ற அளவையே இறுதி வலுவாக எழுதியிருந்தார்கள். சாதாரண கலவையில் அது, இறுதி அளவாகக் கொள்ளப்படும் 28 ஆம் நாள் வலுவின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்பது மேசனுக்கும் தெரியும்.

ஆனால் நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடையில் என் சட்டத்தரணி அந்த வாதத்தைப் பின்னுக்குத் தள்ளினார். அரசியலமைப்பின் 140 ஆம் உறுப்புரையின் கீழ் எழுத்தாணை, அதாவது அரச நிறுவனத்தின் முடிவை நீக்கும் நீதிமன்றக் கட்டளை, கோரும்போது, மேன்முறையீட்டு நீதிமன்றம் தூண் நல்லதா என்று ஆராயாது, முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்றே பார்க்கும் என்றார். ஆகவே, குற்றச்சாட்டை அறிவிக்காததையும் அறிக்கையை மறைத்ததையும் மனுவில் முதலில் வைத்தோம். தாமதம் மனுவையே கெடுக்கும் என்பதால் விரைந்து தாக்கல் செய்தோம்.

முதல் தவணைகளிலேயே கடிதத்தை மீளப்பெற்று, புதிதாக விசாரிக்க அந்நிறுவனம் உடன்பட்டது. 28 ஆம் நாள் அறிக்கைகளை அந்த விசாரணையில்தான் மேசையில் வைத்தேன்.