போக்சோ: தகவல் சொல்ல வேண்டியவர்கள் சறுக்கும் இடங்கள்

ஆசிரியர், டாக்டர், நர்ஸ், விடுதி வார்டன் என்று குழந்தைகளோடு வேலை பார்க்கிற பலருக்கும் போக்சோ என்று ஒரு சட்டம் இருப்பது தெரியும், வாயை மூடிக்கொண்டு இருந்தால் தங்களுக்கும் அதில் தண்டனை உண்டு என்பதுதான் தெரியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த சட்டம் அது. 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் வந்தாலோ, உள்ளூர் காவல் நிலையத்திலோ சிறப்பு சிறார் காவல் பிரிவிலோ சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 19-ஆவது பிரிவு. சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

அதிகம் நடக்கிற தவறு, "ஹெச்.எம்.கிட்ட சொல்லிட்டேன், இனி அவர் பாடு" என்று ஒதுங்கிக்கொள்வது. கடமை நிர்வாகத்துக்கு மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை, எந்த நபருக்கும் என்கிறது. மேலிடத்தில் சொல்வது காவல்துறையில் சொன்னதற்கு ஈடாகாது. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் அவருக்குத் தனியாக ஓராண்டு வரை சிறையும் அபராதமும் இருக்கிறது.

அடுத்தது, என் பார்வையில் இதுதான் மிக மோசமானது, பள்ளிக்குள்ளேயே ஒரு விசாரணை நடத்துவது. குழந்தை வகுப்பாசிரியரிடம் சொல்லும், அவர் ஹெச்.எம். அறைக்குக் கூட்டிப்போவார், அங்கே இன்னொரு தடவை, தாளாளர் வந்ததும் மறுபடி, கடைசியில் சம்பந்தப்பட்ட ஆளையே கூப்பிட்டு எதிரே நிற்க வைத்து "இவரா, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்பார்கள். அதற்குள் குழந்தை பயந்து வார்த்தையை மாற்றியிருக்கும், அந்த ஆளும் போனில் இருந்ததை அழித்திருப்பான். உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்கும் வேலையை உங்களிடம் யாரும் கொடுக்கவில்லை. குழந்தை சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள், சொன்ன வார்த்தையிலேயே தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள். "வேன் அண்ணா கடைசி ஸ்டாப்புக்கு அப்புறம் மடியில உக்கார வைக்கிறாரு" என்று குழந்தை சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள். அதைத் திருத்தி "பாலியல் சீண்டலில் ஈடுபட்டதாகத் தெரிகிறது" என்று எழுதினால் வேன், கடைசி ஸ்டாப், மடி மூன்றும் காணாமல் போய்விடும். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள். உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது.

பெற்றோர் "வேண்டாம் சார், பொண்ணு வாழ்க்கை போயிடும்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினால் மனம் இளகத்தான் செய்யும். ஆனால் தகவல் சொல்லப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை, செய்தது வீட்டு ஆளாகவே இருந்தால் அந்தச் சம்மதம் எங்கிருந்து வரும்? பாதிக்கப்பட்டது பையன்தானே என்று விடுவதும் தவறு, போக்சோ ஆண், பெண் பேதம் பார்ப்பதில்லை.

மருத்துவமனைப் பக்கம் வந்தால் இரண்டு தவறுகள், ஒன்றுக்கொன்று நேர் எதிர். போலீஸ் லெட்டர் கொண்டுவா, எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு வா என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஒன்று. எஃப்.ஐ.ஆர். பதிவாகாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை செய்யலாம், அவசர சிகிச்சைக்கு எந்தக் கடிதமும் கேட்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. இன்னொன்று, சிகிச்சையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது. மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் பழங்குடி மாணவிகள் தங்கிய விடுதி வழக்கில், தகவல் சொல்லவில்லை என்று ஒரு டாக்டர் மேல் போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது.

17 வயதுப் பெண் காதலித்துக் கர்ப்பமாகி வரும்போதுதான் சிக்கல். 18-க்குக் கீழே சம்மதம் என்பதைச் சட்டம் ஏற்காது, அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் அந்தப் பெண்கள் போலி டாக்டரிடம் போய் உயிரைப் பணயம் வைப்பதும் நடக்கிறது, சட்டத்தின் இந்த இடம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி விட்டது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், தகவல் சொல்லும்போது அவள் பெயர், அடையாளத்தை டாக்டர் வெளியிட வேண்டியதில்லை. இது தெரியாமல் "வேற ஆஸ்பத்திரி பாருங்க" என்று அனுப்பிவிடாதீர்கள்.

பொய்ப் புகார் என்று நம் மேலேயே திரும்பிவிடுமோ என்ற பயம் பலருக்கு. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் சிவில், கிரிமினல் எந்த நடவடிக்கையும் கிடையாது. அவமானப்படுத்த, மிரட்ட, பணம் பறிக்க என்றே பொய் சொன்னால்தான் தண்டனை, அதுவும் குழந்தைக்கு இல்லை.

அப்புறம் வாட்ஸ்அப். நியாயம் கேட்கிறேன் என்று பள்ளிப் பெயர், தெருப் பெயர், அப்பாவின் தொழில் எல்லாவற்றையும் போட்டுப் பரப்பாதீர்கள். குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிட்டால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பள்ளியும் வசிக்கும் பகுதியும் அடையாளத்தில் சேர்த்திதான்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தால் வழிகாட்டுவார்கள், ஆனால் அதோடு நிறுத்தாமல் காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள். வாயால் சொன்னாலும் அவர்கள் எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டி, பதிவு எண் போட வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குக் காவல்துறை தெரிவித்தாக வேண்டும், மறுநாள் அந்த எண்ணைச் சொல்லி விசாரிக்கலாம்.