ஜெபத்தில் சண்டை போடாதீர்கள்: நெடுநாள் தம்பதிகள் செய்யும் தவறுகள்

கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆனபோது, எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்தில்தான் சண்டை அதிகம். குரல் உயராது. பாட்டு பாடி, பிள்ளைகள் வசனம் சொல்லி முடித்ததும் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்த வீட்டில் எதிர்த்துப் பேசுகிற நாவை அடக்கும்" என்பார். என் முறை வந்ததும், "குடும்பத்துக்கு நேரம் கொடுக்கிற இருதயத்தை இவங்களுக்குத் தாங்கப்பா" என்பேன். ஆமென் சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்ப் படுப்போம். ஒருநாள் மகள் கேட்டாள்: "அம்மா, நீங்க இயேசப்பாகிட்ட பேசுறீங்களா, அப்பாகிட்ட பேசுறீங்களா?"

அன்றைக்கு நான் வெட்கப்பட்டேன். சபையில் எத்தனையோ குடும்பங்களில் இது நடக்கிறது. ஜெபத்தில் சொன்னால் எதிர்த்துப் பேச முடியாது என்பதால் குறையை அங்கே கொண்டுபோய் வைக்கிறோம். கேட்கிறவருக்கு அது இரட்டை அடி. ஆண்டவருக்கு முன்னால், பிள்ளைகளுக்கு முன்னால் அவமானப்பட்டுவிட்டு, இரவு பக்கத்தில் படுக்கும்போது கையை நீட்ட யாருக்கு மனசு வரும்?

சொல்ல வேண்டியதை ஜெபத்துக்கு முன்பே நேராகச் சொல்லிவிடுங்கள். ஜெபத்தில் துணை அன்றைக்குச் செய்த ஒரு காரியத்துக்காக மட்டும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். "அலைச்சலோட அலைச்சலா அம்மாவுக்கு மாத்திரை வாங்கிட்டு வந்தாங்க, ஸ்தோத்திரம்." இவ்வளவு போதும். இப்படிச் சொல்ல ஆரம்பித்த பிறகு, ராத்திரி சொல்ல ஏதாவது வேண்டுமே என்று பகலெல்லாம் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். எத்தனை வருஷம் கவனிக்காமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த தவறு, பக்தியைச் சாக்காக்குவது. சனிக்கிழமை உபவாச ஜெபம், ஞாயிறு ஆராதனை, சாயங்காலம் பாட்டுப் பயிற்சி, நடுவில் கன்வென்ஷன், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள். ஒவ்வொன்றும் நல்லதுதான். ஆனால் துணையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாற்பது நாள் உபவாசம் என்று அறிவித்துவிட்டு, படுக்கையைப் பிள்ளைகள் அறைக்கு மாற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 7-ம் அதிகாரம் 5-ம் வசனத்தைப் பாருங்கள். உபவாசத்துக்கும் ஜெபத்துக்கும் பிரிந்திருக்கலாம் என்கிறார் பவுல். ஆனால் இருவரும் சம்மதிக்க வேண்டும், சிலகாலம்தான், பிறகு "மறுபடியும் கூடிவாழுங்கள்". வேதத்தின்படியே உபவாசத்துக்குக்கூடக் கணவன் மனைவி கலந்து பேச வேண்டும்.

அதற்கு முந்தின வசனத்தைப் பாதியாகச் சொல்லும் ஆண்களும் இருக்கிறார்கள். மனைவியின் சரீரத்துக்குப் புருஷனே அதிகாரி என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அதே வசனம், புருஷனின் சரீரத்துக்கு மனைவியே அதிகாரி என்று முடிகிறது. கட்டாயப்படுத்த அந்த வசனத்தில் இடமே இல்லை. அடி, மிரட்டல் இருக்கிற வீட்டுக்கு நான் எழுதுகிற மற்றவை பொருந்தாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

சரீரத்தின் மாற்றத்தை அன்பின் குறையாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மெதுவாக, காதோடு காதாக மட்டுமே இது பேசப்படும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் உள்ளே வறட்சி வரும், சேரும்போது வலிக்கும். வலிக்குப் பயந்து அவள் விலகுவாள். தன்னைப் பிடிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். ஆண்களுக்குச் சர்க்கரை வியாதி நரம்பையும் ரத்தக் குழாயையும் பாதிக்கும், சில பிரஷர் மாத்திரைகளும் தடையாகும். வெட்கத்தில் அவரும் வாய் திறக்க மாட்டார். இதற்கெல்லாம் மருத்துவம் இருக்கிறது. முழங்கால் வலிக்கு ஜெபித்துவிட்டு டாக்டரிடமும் போகிறோம் அல்லவா, இதற்கும் போகலாம். இரண்டு பேருமாகச் சேர்ந்து போங்கள்.

கோபத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணிய வேண்டும் என்பதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வோம். கொலோசெயர் நிருபத்தில் புருஷர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை உண்டு: "அவர்கள்மேல் கசந்துகொள்ளாதிருங்கள்." கசப்பு என்பது சத்தமில்லாத கோபம். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வது, பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிடுவது, இதெல்லாம் அதுதான்.

கடன் அடையட்டும், மகளுக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் நமக்கென்று நேரம் ஒதுக்கலாம் என்று தள்ளிப்போடுவதையும் விட்டுவிடுங்கள். ஆதியாகமம் 26-ம் அதிகாரத்தில் ஈசாக்கு பஞ்சத்துக்குத் தப்பி அந்நிய ஊரான கேராரில் இருக்கிறான். மனைவி என்று சொன்னால் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, ரெபெக்காளைச் சகோதரி என்று சொல்லியிருந்தான். அந்த நிலையிலும் அவன் அவளோடு விளையாடிக்கொண்டிருந்ததை ராஜா ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். இவள் சகோதரி இல்லை, மனைவி என்று ராஜாவுக்குப் புரிந்தது அந்த விளையாட்டைப் பார்த்துத்தான். நம்மை ஜன்னல் வழியாக ஒருவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன்.

கல்யாண நாளையும் நாம் சரியாகக் கொண்டாடுவதில்லை. ஞாயிறு ஆராதனையில் பெயர் வாசிப்பார்கள், ஸ்தோத்திர காணிக்கை போடுவோம், போதகர் ஐயா ஜெபிப்பார், மதியம் சொந்தக்காரர்களுக்குப் பிரியாணி. பாத்திரம் கழுவி முடிக்கும்போது ராத்திரி பத்து மணி. அந்த நாளுக்குரிய இரண்டு பேரும் பத்து நிமிஷம் தனியாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

எங்களுக்கு 26-ம் வருஷம் வந்தபோது, காணிக்கையை முந்தின ஞாயிறே போட்டுவிட்டு, பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பேர் மட்டும் மணப்பாட்டுக்குக் கிளம்பினோம். மகனின் காலேஜ் பீஸ் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே பேசிக்கொண்டோம். கடற்கரையில் உட்கார்ந்த பிறகு அரை மணி நேரம் பேச ஒன்றுமே வரவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. பிறகு அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் சபையில் மூன்றாம் ஓலை, அதாவது மூன்றாவது கல்யாண அறிவிப்பு, வாசித்த ஞாயிறு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். என் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வாசிப்பதைக் கேட்டுவிட்டு, ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போய்விட்டாராம்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ கேக்கவே இல்லையே" என்றார்.