அலாரத்துக்கு முன்னால் சாவியைப் பாருங்கள்

புதுக் கார் எடுத்தவர்கள் கடைக்கு வந்ததும் கேட்பது, "நல்ல அலாரமா ஒண்ணு மாட்டி விடுங்க" என்பதுதான். கோவையில் கார் எலக்ட்ரிக்கல் வேலை செய்பவன் நான். அலாரம் மாட்டுவதும் என் பிழைப்பில் ஒரு பங்கு. இருந்தாலும், "உங்க ரெண்டாவது சாவி இப்ப எங்கங்க இருக்கு?" என்று கேட்காமல் வேலையைத் தொடங்குவதில்லை. பீரோவில் இருக்கும், இல்லை டிரைவரிடம் இருக்கும், மச்சான் வீட்டிலும் இருக்கலாம் என்று பதில் வந்தால், அந்தக் காருக்கு அலாரத்தைவிட முதலில் வேண்டியது அந்தச் சாவிதான்.

காரணம் இது. ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு வயரை உரசி வண்டியைக் கிளப்புவதெல்லாம் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளப்ப விடாத மின்னணுக் காவல், இல்லாத கார்களில்தான் நடக்கும். இன்றைய சாவியின் தலைக்குள் பேட்டரியே தேவைப்படாத ஒரு சின்னச் சிப் இருக்கிறது. சாவியை நுழைத்துத் திருப்பும்போது, துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் (காயில்) அந்தச் சிப்புக்கு மின்சாரம் ஊட்டி, அதன் ரகசிய எண்ணைக் கேட்கும். எண் பொருந்தவில்லை என்றால் இன்ஜின் பிடிக்காது. மாருதி கார்களில் ஐகேட்ஸ் என்று சொல்வது இதைத்தான்.

இந்தச் சின்னச் சிப் எவ்வளவு பெரிய காவல் என்பதை அமெரிக்காவில் பார்த்தார்கள். அங்கே விற்ற 2011 முதல் 2021 வரையிலான ஹூண்டாய், கியா மாடல்கள் பலவற்றில் இம்மொபிலைசர் இல்லை. வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பையன்கள் ஸ்டியரிங் கவரை உடைத்து, யூ.எஸ்.பி. கேபிளின் முனையால் திருப்பியே வண்டிகளை ஓட்டிப் போனார்கள். 2023 பிப்ரவரியில் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவச சாஃப்ட்வேர் மாற்றம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஆக, இன்று கார் திருட வருபவனுக்கு வேண்டியது ஒரு சாவி. அது உங்கள் சாவியாகவே இருக்கலாம், அதன் சிக்னலாக இருக்கலாம், உங்கள் காருக்குள் உட்கார்ந்து புதிதாகச் செய்துகொண்டதாக இருக்கலாம். நீங்களே நம்பிக் கையில் கொடுத்ததாகவும் இருக்கலாம்.

வீட்டில் இருக்கும் கார் சாவி

நம் வீடுகளில் வாசல் கதவை ஒட்டி ஓர் ஆணியோ, சாவி மாட்டும் பலகையோ இருக்கும். பக்கத்திலேயே ஜன்னல். வெயில் காலத்தில் காற்றுக்காக அந்த ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறோம். ஒரு நீளக் கம்பி போதும். சாவி கைக்கு வந்துவிட்டால் எந்த அலாரமும் கத்தாது, எந்தக் கண்ணாடியும் உடையாது. ஜன்னலிலிருந்து கைக்கோ கண்ணுக்கோ எட்டாத உள்ளறை டிராயருக்குச் சாவியை மாற்றுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை, நான் விற்கும் எந்தப் பொருளையும்விட இது முக்கியம்.

இரண்டாவது சாவியைக் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் வைப்பவர்கள் உண்டு. அவசரத்துக்கு உதவும் என்பார்கள். உதவும்தான், ஆனால் கண்ணாடியை உடைப்பவனுக்கும் சேர்த்தே உதவும். அதை வேறு இடத்தில் வையுங்கள். எங்கே என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும். கார் திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரிஜினல் சாவி இரண்டையும் கேட்கும். ஒன்று இல்லை என்றால் அங்கிருந்தே தகராறு ஆரம்பமாகும்.

பழைய கார் வாங்கியவர்களும், டிரைவரை மாற்றியவர்களும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பல கார்களில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்பதை சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கலாம். உங்கள் கையில் இரண்டு இருக்க, கார் மூன்று என்று காட்டினால், அந்த மூன்றாவது யாரிடமோ இருக்கிறது. இருக்கும் சாவிகளை எடுத்துப் போய், பழைய பதிவுகளை அழித்து, இவற்றை மட்டும் மறுபடி பதியச் சொல்லுங்கள். தொலைந்த சாவி கதவைத் திறக்கலாம், இன்ஜினைக் கிளப்பாது. பழைய கார் பேரம் பேசும்போது டயரையும் பெயின்டையும் அவ்வளவு பார்க்கிறவர்கள் இதைக் கேட்காமல் விடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

வாட்டர் வாஷுக்கு விடும்போது வீட்டுச் சாவிகளும் சேர்ந்த கொத்தாகக் கொடுக்காதீர்கள். டீக்கடையில் இறங்கும்போது ஏ.சி. ஓடட்டும் என்று இன்ஜினை விட்டுப் போகாதீர்கள், உள்ளே ஆள் இருந்தாலும்கூட. குழந்தை மட்டும் உள்ளே இருக்கிறது என்றால் இன்னும் மோசம்.

பட்டன் ஸ்டார்ட் கார்கள்

சாவி பையிலேயே இருக்க, கைப்பிடியைத் தொட்டால் திறக்கும் கார்களுக்கு வேறு ஆபத்து. அருகில் சாவி இருக்கிறதா என்று கார் ஒரு மெல்லிய ரேடியோ அலையால் கேட்கும். ஓரிரு மீட்டருக்குள் இருந்தால்தான் சாவிக்கு அது எட்டும். திருடர்கள் இரண்டு பேராக வந்து, ஒருவன் கார் அருகிலும் இன்னொருவன் உங்கள் வாசல் சுவரோரமும் கருவியோடு நின்று, அந்தக் கேள்வியை வீட்டுக்குள் இருக்கும் சாவிவரை நீட்டுகிறார்கள். சாவி தன் காருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று எண்ணிப் பதில் சொல்கிறது, கார் திறக்கிறது. ஐரோப்பாவில் அதிகம் நடந்த முறை இது.

சிக்னலைத் தடுக்கும் உலோக இழைப் பை கிடைக்கிறது. வாங்கியதும் சோதியுங்கள். சாவியைப் பைக்குள் போட்டு மூடி, கதவருகே நின்று கைப்பிடியை அழுத்துங்கள். திறந்தால் அந்தப் பையால் பயனில்லை. திறக்கவில்லை என்றாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். மடித்து மடித்து உள் இழை அறுந்துபோகும். சில டொயோட்டா சாவிகளில் லாக் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அன்லாக்கை இருமுறை அழுத்தினால் சாவி தூங்கிவிடும், சிறு விளக்கு நான்கு முறை மினுக்கும். உங்கள் காரில் இப்படி வசதி இருக்கிறதா என்று கையேட்டில் தேடுங்கள்.

ரிமோட்டில் லாக் செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பதும் வேண்டாம். அதே அலைவரிசையில் யாராவது இரைச்சல் எழுப்பினால் லாக் ஆகாது. கதவை ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள்.

ஓ.பி.டி. போர்ட்

டிரைவர் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில், பதினாறு துவாரம் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் இடம். சாவி தொலைத்து வருபவர்களுக்கு அங்கேதான் கருவியை மாட்டிப் புதுச் சாவி பதிந்து தருகிறோம். அதே கருவி திருடன் கையிலும் இருக்கிறது. கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்து, போர்ட்டில் மாட்டி, வெற்றுச் சாவி ஒன்றைப் பதிந்துகொண்டு கிளம்பிவிடுவான். சில கார்களில் சில நிமிடம்கூட ஆகாது.

இதற்கு போர்ட்டின் மேல் போல்ட் அடித்து மூடும் இரும்புப் பெட்டி லாக் கிடைக்கிறது. போர்ட்டையே வேறு இடத்துக்கு மாற்றச் சொல்பவர்களும் உண்டு. வாரன்டியில் இருக்கும் காரில் ஒயரிங்கில் கை வைக்க வேண்டாம் என்பேன். பெட்டி லாக்கே போதும். அதன் சாவியைக் காருக்குள் வைக்காதீர்கள், சர்வீஸ் விடும் அன்று மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இன்னும் ஒருபடி மேலே போனவர்களும் இருக்கிறார்கள். லண்டனில் 2022-ல் ஒரு டொயோட்டா ராவ்4 காரின் முன் பம்பரைக் கழற்றி, ஹெட்லைட் ஒயர் வழியாகவே காரின் உள் நெட்வொர்க்கில் போலிச் செய்தி அனுப்பிக் கதவைத் திறந்து கொண்டு போனார்கள். மின்னணுப் பூட்டு எதுவானாலும் அதற்கு ஒரு மின்னணுக் கருவி வந்துவிடுகிறது. அதனால்தான் எந்தக் கார் வந்தாலும் கையால் பூட்டும் இரும்பு ஒன்றாவது போடச் சொல்கிறேன்.

கியர் லாக்கும் மறைவு சுவிட்சும்

என் முதல் தேர்வு கியர் லாக். தரையோடு, தலை முறிந்துபோகும் போல்ட் போட்டு முடுக்குவது. ஒருமுறை முடுக்கினால் ஸ்பானரால் கழற்ற முடியாது. மேனுவல் காரில் ரிவர்ஸில் போட்டுப் பூட்ட வேண்டும், ஆட்டோமேட்டிக்கில் 'பி'-யில். ஸ்டியரிங்கில் மாட்டும் தடி லாக்கும் தேவலாம். வெளியிலிருந்தே கண்ணில் படுவதால் திருடன் பக்கத்துக் காருக்குப் போகலாம். ஆனால் தடியை விட்டுவிட்டு ஸ்டியரிங் வளையத்தையே அறுத்துக் கழற்றிவிடுவார்கள். எதை வாங்கினாலும், ஐந்து நிமிட வேலை என்று இறங்கும்போதும் பூட்டுங்கள். ராத்திரி மட்டும் பூட்டுவது பாதிக் காவல்தான்.

வாரன்டி முடிந்த காருக்கு மறைவு சுவிட்ச் ஒன்றும் வைக்கலாம். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. எங்கள் தொழிலில் இதைத் தவறாகச் செய்பவர்கள் நிறைய. பம்பின் மெயின் ஒயரை வெட்டிச் சின்ன சுவிட்சை வைத்தால், அவ்வளவு கரண்டையும் அது தாங்க வேண்டும். சூடாகி, ஒருநாள் நடுவழியில் வண்டி நின்றுபோகும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே ஒன்று பம்புக்கு இருக்கும். சுவிட்ச் போட வேண்டியது அந்த ரிலேயின் சுருள் (காயில்) பக்கம், அங்கே ஓடுவது மிகக் குறைந்த கரண்ட். ஒயரை சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு மூட வேண்டும். முறுக்கி டேப் சுற்றுபவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். சுவிட்ச் எங்கே என்பதை டிரைவரிடமும் சொல்ல வேண்டாம், கடைக்காரர் தவிர நீங்கள் அறிந்தால் போதும்.

ஓடும் வண்டியை போனிலிருந்து நிறுத்தும் வசதி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் அதைச் செய்து தருவதில்லை. ஓடும்போது இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும், ஓரிரு முறை மிதித்ததும் பிரேக்கும் கட்டையாகிவிடும். எதிரே வருபவர் செத்துப்போகலாம். நின்ற வண்டி மறுபடி கிளம்பாதபடி செய்வதே போதும்.

ஜி.பி.எஸ்., ஃபாஸ்டேக்

ஓ.பி.டி. போர்ட்டில் சொருகும் ஜி.பி.எஸ். மாட்டாதீர்கள், திருடன் முதலில் பிடுங்குவது அதைத்தான். ஒயர் போட்டு மறைவாக வைக்கும் வகையில், உள்ளே சொந்தப் பேட்டரி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இரும்புக்கு அடியில் வைத்தால் சாட்டிலைட் கிடைக்காது, பிளாஸ்டிக்குக்கு அடியில் வைக்கலாம். நான் பார்த்தவற்றில் ஜி.பி.எஸ். வேலை செய்யாமல் போனதற்கு அதிகக் காரணம் சிம் ரீசார்ஜ் தீர்ந்ததுதான். வருட ரீசார்ஜ் தேதியை இன்சூரன்ஸ் தேதியோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.

ஃபாஸ்டேக்கும் ஒரு தடயம். கார் போனதும் பதறிப்போய் அதை பிளாக் செய்துவிடாதீர்கள். ஸ்டிக்கரை யாரும் கிழிக்காதவரை, கணியூரிலோ விஜயமங்கலத்திலோ டோல் தாண்டியதும் உங்கள் போனுக்குப் பணம் பிடித்த மெசேஜ் வரும், எந்த டோல், எத்தனை மணி என்பதோடு. அதை அப்படியே போலீஸிடம் காட்டுங்கள். நீங்களே துரத்திப் போகாதீர்கள்.

நீங்களே கொடுக்கும் சாவி

நம் ஊர்களில் பலர் காரை இழப்பது பூட்டு உடைந்து அல்ல. "மாச வாடகைக்கு விடுங்க, கம்பெனிக்கு ஓடுது" என்று ஒருவர் வருவார். முதல் ஒன்றிரண்டு மாதம் வாடகை சரியாக வரும். அப்புறம் போன் எடுக்காது, கார் வேறு ஊரில் அடமானத்தில் இருக்கும். சொந்த உபயோகப் பாலிசியில் வாடகைக்கு விடுவதற்கு இடமில்லை. தவிர, நீங்கள் மனமுவந்து சாவி கொடுத்தால் அது திருட்டு அல்ல, மோசடி என்று சொல்லிக் கம்பெனி கிளெய்மை மறுக்க முடியும். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விடவே விடாதீர்கள்.

விற்கும்போது ஓட்டிப் பார்க்க வருபவரோடு நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். லைசென்ஸைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் இறங்க நேர்ந்தால் சாவியோடு இறங்குங்கள்.

போய்விட்டால்

முதலில் டிராஃபிக் போலீஸ் இழுத்துப் போயிருக்கிறதா, தவணை பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ்காரர் எடுத்தாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் உடனே 112 அல்லது 100, அதே கையோடு ஸ்டேஷன். அங்கே புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடலாம். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு திரும்பாதீர்கள். இன்சூரன்ஸுக்கு வேண்டியது எஃப்.ஐ.ஆர். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்பதை மட்டும் காட்டி கிளெய்மை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம், கம்பெனி மறுத்துவிட்டால் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாய் வராது. முழு பாலிசி இருந்தாலும் கிடைப்பது ஐ.டி.வி. தொகைதான், அதாவது காரின் மதிப்பு என்று பாலிசியில் குறித்த தொகை. பிரீமியத்தில் சில நூறு மிச்சமாகும் என்று ஐ.டி.வி.-யைக் குறைத்துப் போடச் சொல்லும் ஏஜென்டிடம் மறுத்துவிடுங்கள். கார் கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் சான்று வந்த பிறகுதான் பணம் நகரும். அதற்கு மாதங்கள் ஆகும். கடன் பாக்கி இருந்தால் பணம் முதலில் பேங்குக்குப் போகும்.

ஆர்.சி., பாலிசி, சேஸிஸ் நம்பர், இரண்டு சாவிகள், காரில் உங்களுக்கு மட்டும் தெரிந்த கீறல், ஒட்டு வேலை எல்லாவற்றையும் இன்றே போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். நம்பர் பிளேட் மாற்றிய காரை ஸ்டேஷன் வளாகத்தில் நூறு கார்களுக்கு நடுவே அடையாளம் காட்ட அந்தக் கீறல்தான் உதவும்.